மீன்கார அக்கா அடக்கிய குரல்

ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டிய அந்த அறை பகலிலும் இருட்டாகவே இருக்கும். ரணஜன்னி என்கிற டெட்டனஸ் கண்டவர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஒரு தட்டு கீழே விழுந்தாலே உடம்பு வில்லாக வளைந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், ராயபுரத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். லாரியில் பழைய இரும்பு ஏற்றுகிறவர். துருப்பிடித்த தகடு காலைக் கிழித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது தாடை பூட்டிக்கொண்டு, தண்ணீர்கூட இறங்கவில்லை.

அவர் மனைவி தெருத் தெருவாக மீன் கூவி விற்பவர். நான் மருந்தை எடுத்ததும், "இன்னா ஊசி சிஸ்டர் அது?" என்று பழக்கதோஷத்தில் உரக்கக் கேட்டுவிட்டார். கட்டிலில் கணவரின் முதுகு விறைத்து எழும்பியது. அக்கா தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் டாக்டர் விளக்கினார். தடுப்பூசி போட்டுக்கொண்ட யாரோ கொடுத்த ரத்தம். அதன் தெளிநீரில் உள்ள எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்த மருந்து அது. உடம்பில் சுற்றும் கிருமி விஷத்தைக் கவ்விப் பிடித்து முடக்கிவிடும். ஆனால் நரம்புக்குள் புகுந்துவிட்ட விஷத்தை அதனால் எட்ட முடியாது; அது தணியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

"யார் பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்" என்று கிசுகிசுத்தார் அக்கா.

அதன்பின் அந்த அறையில் அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை. வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பார்க்க வந்த உறவினரைக் கண்ணாலேயே அதட்டினார். வாரங்கள் கழிந்து, ஒரு காலையில் பூட்டிய தாடை கொஞ்சம் தளர்ந்தது. மனைவியை வெகுநேரம் பார்த்திருந்த அந்த மனிதர், "இன்னாமே, ஊமையாயிட்டியா?" என்றார். அக்கா சத்தமில்லாமல் அழுததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தடுப்பூசியும் போடச் சொன்னார். "ஒருதபா வந்துட்டா திரும்ப வராதில்ல?" என்று கேட்டார் அக்கா. இந்த நோய் அப்படியல்ல என்றார் டாக்டர். ஆளைக் கொல்லும் விஷத்தின் அளவு மிகச் சொற்பம். அதை அடையாளம் கண்டு பழக உடம்புக்கு அது போதாது. ஊசியில் வந்த பாதுகாப்போ இரவல், சில மாதங்களில் கரைந்துவிடும். அக்கா தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் வெளிநோயாளிகள் பகுதியில் ஒரே கூச்சல். கணவரோடு இரும்பு ஏற்றும் அத்தனை பேரையும் அக்கா ஓட்டி வந்திருந்தார். "லோடு தூக்கறே, ஊசின்னா மட்டும் பேஜாராக்கீதா? நில்லுய்யா!" முதல் ஆளாக நின்ற மீசைக்கார மேஸ்திரி கண்ணை இறுக மூடி, அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.