கறை என்று நினைத்துத் தேய்த்த பல்

எவ்வளவு அழுத்தித் தேய்த்தால் போதும்? பிரஷ்ஷைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் கோயமுத்தூரில் இனிப்பான சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் பல்லடம் பக்கம் வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை பக்கெட்டுகள்தான். போர்வெல் தண்ணீரின் உப்பு எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வந்த புதிதில் காபியை வாயில் வைத்ததும் முகம் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கூட்டு மருமவளுக்கு சிறுவாணித் தண்ணிதானுங்க வேணுமாமா. நாங்கெல்லாம் இந்த உப்புத் தண்ணியக் குடிச்சுப்போட்டு உசுரோடதான இருக்கறமுங்க!" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் பக்கெட்டில் படிவது பல்லிலும் படியும் என்ற பயம் மனதில் உட்கார்ந்துவிட்டது.

கடையில் இருந்ததிலேயே கெட்டியான பிரஷ்ஷை வாங்கினேன். காலையிலும் இரவிலும் கை வலிக்கும்வரை இடமும் வலமுமாக இழுத்துத் தேய்த்தேன். துப்பும் நுரை ரோஸ் நிறமாக வந்தால், அழுக்கு அடியோடு போகிறது என்று ஒரு திருப்தி.

"ஏன் அம்மணி, பல்லு என்ன பித்தளை அண்டாவா? இந்தத் தேய் தேய்க்கறே!" என்பார் மாமியார். அதையும் சிறுவாணிக் கிண்டலில் சேர்த்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன்.

மகள் பிறந்த பிறகு ஒருநாள் கண்ணாடியில் பார்த்தேன். மேல்வரிசைக் கோரைப்பல் மற்றப் பற்களைவிட நீளமாகத் தெரிந்தது. ஈறை ஒட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பட்டை. கடைசியில் உப்புக்கறை பிடித்தேவிட்டது என்று நினைத்தேன். அந்த இடத்தை மட்டும் தனியாகத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. பல் டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் கிளீன் செய்தால் பல் ஆடிப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, பட்டம் வாங்கிய நான் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானம் ஜில்லென்ற மோர் அந்தப் பல்லில் பட்டது. மண்டைவரை சுரீர் என்றது. அதற்குப் பிறகுதான் போனேன்.

டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டு, "இது கறை இல்லீங்க, பல்லோட வேரு. ஈறு தேஞ்சு விலகுனதால வெளிய தெரியுது. நீங்க இத்தனை நாளாத் தேய்ச்சது வேரைத்தானுங்க" என்றார்.

"இனி ஈறு வளருங்களா?"

"போனது தானா வளராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."

கிளீன் செய்தால் பல் ஆடாது என்றும், ஈறுக்கு அடியில் சேர்ந்து கெட்டிப்பட்ட அழுக்கான காரைதான் பல்லை ஆட்டும் என்றும் சொல்லி அதை எடுத்துவிட்டார். மென்மையான பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட். பிரஷ்ஷைக் கைப்பிடிக்குள் இறுக்காமல், பேனாவைப் போல விரல்நுனியில் பிடித்து, ஈறோரம் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். இன்னும் விலகினால் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து மூடலாம். இப்போதைக்கு வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்.

என் பல்லைப் பற்றிய வருத்தம்கூட ஆறிவிடும். ஆறாதது வேறு.

இத்தனை நாளும் என் பக்கத்தில் முக்காலி போட்டு நின்று, என்னைப் பார்த்துத்தான் மகள் பல் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். அதே இடமும் வலமும், அதே இறுக்கிய கை. கிளினிக் போய்வந்த மறுநாள் வாஷ்பேசினில் துப்பிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு மட்டும் ஏன் ரோஸ் நுரை வரமாட்டேங்குது?"

என் வாயில் இருந்த, ஈறு ரத்தம் கலந்த நுரையை அவள் பார்ப்பதற்குள் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அவளுக்கும் மென்மையான பிரஷ் வாங்கிவிட்டேன். "மெதுவாத் தேய் கண்ணு" என்றால் நாலு பல்லைத் தொட்டுவிட்டு ஓடுகிறாள். சொத்தை வந்துவிடுமோ என்று பயம். "நல்லாத் தேய்" என்றால் உடனே பழைய கை வந்துவிடுகிறது. நானே பிடித்துத் தேய்த்துவிட்டால், என் கை எவ்வளவு அழுத்துகிறது என்று எனக்கே நம்பிக்கையில்லை.

பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்? என்னைப் பார்த்துப் பழகிய அந்தக் கையை இனி எப்படி மாற்றுவது?