மாப்பிள்ளைச் சொதி கேட்டு வந்தவன்

முன்னறையிலிருந்து ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுக்களையில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த சண்முகசுந்தரியின் கைகள் அப்படியே நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள். மறுபடியும் ஒரு ‘கிளிக்’.

“ஏங்க, போட்டோ எடுக்கான்” என்றாள், பக்கத்தில் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்த கணவர் அம்மையப்பனிடம்.

அவர் கதவோரமாகப் பைய எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆமா. சுவத்தைத்தான் எடுக்கான்.”

“சுவத்துல என்ன இருக்கு? நம்ம ப்ரீதா பட்டம் வாங்குன படம்லா இருக்கு! அத எடுத்து வள்ளியூருக்கு அனுப்புதான். நாம காலையில நெனச்சது சரியாப் போச்சு!”

“எதுக்குச் சத்தம் போடுத? கேட்டுரப்போகுது.”

சண்முகசுந்தரி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கடவுளே, வந்திருப்பவன் அவனேதானா? இன்றைக்கு இந்த வீட்டில் அவன் காண்பதையும் கேட்பதையும் வைத்துத்தான் அவள் மகளின் வாழ்வு முடிவாகப் போகிறதா?

கல்லிடைக்குறிச்சியில், ஆற்றுக்கு இறங்கும் தெருவில் இருக்கிறது அவள் வீடு. அம்மையப்பனுக்கு மில் வேலை பறிபோன வருஷம், ஒரு மழை நாளில், அருவிக் குளியலுக்கு வந்து வெள்ளத்தால் வழி மறிக்கப்பட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் நனைந்த துணியோடு அவள் வாசலில் நின்று சுடுதண்ணீர் கேட்டார்கள். அவள் சுடுதண்ணீரோடு மிளகுரசமும் சோறும் சுட்ட அப்பளமும் கொடுத்தாள். அவர்கள் போய் நாலு பேரிடம் சொன்னார்கள். அந்த நாலு பேர் வந்தார்கள். பிறகு மாடியறை பயணிகளின் அறையானது. அம்மையப்பன் ஒரு பலகையில் நீல மையால் ‘பயணிகளுக்கு வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதி முன்னறைச் சுவரில், வாசலில் நிற்பவர் கண்ணில் படும்படி மாட்டினார்.

வந்தவர்கள் சாப்பாட்டோடு நிற்கவில்லை. எங்கே குளிக்கலாம், எங்கே நல்ல காப்பி கிடைக்கும், சாயங்காலம் எங்கே உட்கார்ந்தால் காற்று வரும் என்று கேட்டார்கள். சண்முகசுந்தரிக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி வந்த நாள் முதல் அடுக்களை, கோயில், கடைத்தெரு, இவ்வளவுதான் அவள் கண்ட உலகம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கணவரின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டாள். மணிமுத்தாறு அணைக்கட்டில் நின்று கூந்தல் கலையச் சிரித்தாள். எந்த டீக்கடையில் உளுந்தவடை உள்ளே வெந்திருக்கிறது, எந்தக் கடையின் சர்பத்தில் நன்னாரி நன்னாரியாகவே இருக்கிறது என்று தின்று, குடித்துப் பார்த்தாள். தான் சாப்பிடாத கடைக்கு யாரையும் அனுப்புவதில்லை என்பது அவள் வைத்துக்கொண்ட சட்டம். யாரோ முகம் தெரியாதவர்கள் கேட்ட கேள்விகளால், தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அந்தப் பெண் தன் சொந்த ஆற்றைக் கண்டாள்!

அந்த மகிழ்ச்சியின் மீதுதான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. ப்ரீதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சொல்லியனுப்பினார்கள்: ‘பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா வாரவன் போறவனுக்கெல்லாம் இலை போடுத வீடாமே, நமக்குச் சரிப்படாது.’

சண்முகசுந்தரி அன்று அழுத அழுகையைத் தாமிரபரணி கேட்டிருக்கும்.

போன வாரம் தரகர் ஐயம்பெருமாள் போன் செய்தார். வள்ளியூரில் ஒரு நல்ல இடம். பையனுக்குக் கரண்டாபீஸில் வேலை. “முறையாப் பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னால ஆள் விட்டு வேவு பாப்பாக. யாரு, என்னைக்குன்னெல்லாம் எனக்கே சொல்லமாட்டாக. சூதானமா இருந்துக்கிடுங்க தாயி” என்றார். அந்தப் பக்கத்தில் அது உள்ள வழக்கம்தான். தண்ணீர் கேட்பதுபோல் ஒருவர் வருவார், விலாசம் விசாரிப்பதுபோல் ஒருவர் நிற்பார். வீட்டின் கூட்டல் கழித்தல் எல்லாம் மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் பேசப்படும்.

அன்றே பலகை இறங்கியது. ஆட்டுரலுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அதை ஒளித்துவைத்தாள். மதுரையிலிருந்து பேசிய ஒரு குடும்பத்திடம் “இப்ப சமையல் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மகளிடம், வெள்ளையடிக்கப் போகிறோம் என்று பொய் சொன்னாள்.

இன்று காலை இவன் வந்தான். முப்பது வயதிருக்கும். தோளில் பை. வாசலில் நின்று உள்ளே சுவரைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான்.

“சண்முகசுந்தரி அம்மா வீடுதானே? இங்கே சொதி சாப்பிடலாம்னு சொன்னாங்க.”

சொதியா! சண்முகசுந்தரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டுச் செய்யும் சொதிக்கு அவர்கள் வீடுகளில் ஒரு பெரிய நாள் உண்டு. கல்யாணம் முடிந்த மறுவீட்டு விருந்தில், புது மாப்பிள்ளைக்குச் செய்து போடும் சாப்பாடு அது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டு வாசலில் நின்று ஒருவன் அதைக் கேட்கிறான் என்றால்?

“நாங்க யாருக்கும் அப்படிச் சமைச்சுக் குடுக்கதில்ல தம்பி” என்றாள் அவசரமாக. “ஆனா வீடு தேடி வந்துட்டீக. மத்தியானம் வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம். பேரு என்ன?”

“முத்துசுப்பிரமணியன். சென்னை. எடை மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன், ஊர் ஊராப் போற வேலை. இன்னைக்கு லீவு, சுத்திப் பார்க்கலாம்னு.”

அவன் தெருமுனை திரும்பியதும் அம்மையப்பன் சொன்னார்: “பேரு நம்மூருப் பேரு. பேச்சு மட்டும் மெட்ராஸா? எடை போடத்தான் வந்திருக்கான், சுந்தரி. நம்மள.”

“அப்ப நிக்கீகளே! பின்னாலேயே போங்க.”

போய்விட்டு வந்துதான் அம்மையப்பன் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விவரங்களை அவள் இன்னும் மனதில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“பாலத்து முக்குக் கடையில வடை தின்னான்” என்று ஆரம்பித்திருந்தார் அவர்.

“என்ன கேட்டான்?”

“என்ன எண்ணெய்னு கேட்டான்.”

“நம்மளப் பத்தி?”

“ஒண்ணும் கேக்கல.”

“கேக்கலைன்னா எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சிருக்குன்னுதான அர்த்தம்! பொறவு?”

“பாபநாசத்துல மீனுக்குப் பொரி போட்டான். சிரிச்சான்.”

“தனியா நின்னா சிரிச்சான்?”

“மீனப் பாத்துச் சிரிச்சான். பொறவு சர்பத் குடிச்சான். அங்கனயும் ஒண்ணும் விசாரிக்கல.”

“உங்க சட்டையில என்ன, சிவப்பா?”

அம்மையப்பன் குனிந்து பார்த்தார். “பின்னால போறவன் சும்மா நின்னா சந்தேகம் வராதா? நானும் ஒண்ணு குடிச்சேன்.”

“வடை?”

“அதுவும்தான்.”

இப்போது அவன் முன்னறையில் உட்கார்ந்து சுவரைப் படம் எடுக்கிறான்! சண்முகசுந்தரி காலையிலேயே ப்ரீதா பரிசாக வாங்கிய கோப்பைகளைத் துடைத்து, அவன் கண்ணில் படும்படி ஸ்டூலில் அடுக்கியிருந்தாள். சனிக்கிழமை, அரைநாள்தான் ஆபீஸ். மகள் வரும் நேரம்.

வந்தாள். பின்வாசல் வழியாக நுழைந்த ப்ரீதா அடுப்பைப் பார்த்தாள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பருப்புப் பாயசம்.

“எம்மா, யாருக்குக் கல்யாணம்?”

“ஏட்டி, மெதுவாப் பேசு. முகத்தக் கழுவிட்டு அந்தப் பச்சைச் சேலையக் கட்டு. வள்ளியூர்ல இருந்து வந்திருக்காக.”

ப்ரீதா காலை அலம்பத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். ஆட்டுரலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பலகையின் மூலையில் அவள் சேலை மாட்டியது. வெளியே இழுத்தாள். நீல எழுத்துகளின் மேல் மாவு படிந்திருந்தது.

“வெள்ளையடிக்கணும்னு சொன்னது இதுக்குத்தானா?”

தாய் சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். சில நேரங்களில் ஒரு தாய்க்கு ஓடி ஒளிய அடுத்த அறையைத் தவிர வேறு இடம் ஏது?

இலை விரித்தாயிற்று. முத்துசுப்பிரமணியன் உட்கார்ந்தான். சோறு விழுந்தது, சொதி விழுந்தது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் கலந்த வாசனை அறையை நிறைத்தது. அவன் கையை வைக்கவில்லை. குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்தான். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தான்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க யாரு?”

“என்ன தம்பி இப்படிக் கேக்கீக?”

“காலையில யாருக்கும் சமைக்கிறதில்லைன்னீங்க. இப்போ இலை நிறைய வைக்கிறீங்க. என்ன தரணும்னு கேட்டா காதுல வாங்க மாட்டேங்கிறீங்க. போற இடமெல்லாம் இந்த ஐயா பின்னாடியே வர்றாரு. அண்ணாச்சி, வடை நீங்க ரெண்டு சாப்பிட்டீங்க, நான் பார்த்தேன்.” அம்மையப்பன் தொண்டையைச் செருமினார். “உட்கார்ந்தா முன்னாடி யாரோ வாங்கின கோப்பையா அடுக்கி வச்சிருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கும்மா. இதுல என்ன கலந்திருக்கீங்க?”

சண்முகசுந்தரியின் முகம் வெளுத்தது. தன் சோற்றைப் பார்த்து ஒருவன் கேட்கிற கேள்வியா இது? இத்தனை வருஷத்தில் ஒருவர், ஒரே ஒருவர், அவள் இலை முன் பயந்து உட்கார்ந்ததுண்டா?

அடுக்களை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பலகையை மார்போடு அணைத்தபடி ப்ரீதா நின்றாள். சிரித்த கண்களில் நீர் ஓடியது.

“உங்கள வள்ளியூர் ஆளுன்னு நெனச்சுட்டாக. எனக்கு மாப்பிள்ளை வீட்ல இருந்து வேவு பாக்க வந்திருக்கீகளாம். இந்தப் பலகையப் பாத்தா சம்பந்தம் போயிருமாம், அதான் ஒளிச்சு வச்சிருக்காக.”

அவன் பலகையைப் பார்த்தான். நீண்ட மூச்சு விட்டான். “அப்போ வீடு இதுதானா!” என்று கைபேசியை எடுத்து நீட்டினான். அவன் எடுத்த படத்தில் ப்ரீதாவின் பட்டமளிப்புப் படம் ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தது. நடுவில் இருந்தது ஒரு வெறும் ஆணியும், பலகை தொங்கிய இடத்தில் சுவர் வெளுக்காமல் விட்ட ஒரு நீள்சதுரமும்.

“பாளையங்கோட்டையில டார்லின்னு ஒரு டீச்சர். அவங்க ஸ்கூல் எடை மெஷினைச் சரி பண்ணப் போனப்போ உங்களைப் பத்திச் சொன்னாங்க. நீல எழுத்துப் பலகை இருக்கும்னாங்க. பலகையைக் காணோம், தடம் மட்டும் இருக்குன்னு படம் எடுத்து அனுப்பினேன். என்ன பதில் வந்திருக்கு, கேளுங்க.”

கைபேசியில் ஒரு பெண்குரல் பதறிக்கொண்டு பேசியது: “அந்த வீடேதான். போர்டு எங்க? ஐயோ, அக்காவுக்கு ஒண்ணும் ஆகலைல்லா? எங்க அப்பா போன பொறவு நான் சிரிச்சதே அவுக சொன்ன படித்துறையிலதான். சமையல விட்டுட்டாகளா? கேட்டுச் சொல்லுங்க.”

சண்முகசுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டார்லினை அவளுக்கு நினைவிருந்தது. இரண்டு நாள் தங்கி, பேசாமல் சாப்பிட்டுவிட்டு, போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். ஒரு பலகையைக் கழற்றியதற்கு எங்கோ ஒருத்தி இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறாள்!

“ப்ரீதா” என்றாள் கடைசியில். “அத மாட்டு.”

“வள்ளியூர்?”

“ஒளிச்சு வச்சு உன்னக் கட்டிக்குடுத்தா, நீ அங்கன போயும் ஒளிச்சுத்தான இருக்கணும்? நாளைக்கு உன் வீட்டுக்கு நான் வந்தா, எங்கம்மா என்ன செய்யுதான்னு என்னத்தச் சொல்லுவ? மாட்டுட்டி.”

ப்ரீதா மாட்டினாள். முந்தானையால் மாவைத் துடைத்தாள்.

சண்முகசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். “தம்பி, நான் சமைச்சுப் போடுதவதான். இதுல தேங்காய்ப்பாலும் இஞ்சியும் தவிர ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க.”

அவன் ஒரு கவளம் எடுத்தான். மூன்றாம் தடவை சொதி கேட்டபோது அம்மையப்பன் தானும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ரெண்டு வடைக்குப் பொறவுமா?” என்றாள் அவள்.

வெயில் தாழ்ந்ததும் அவன் பையைத் தோளில் மாட்டினான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்: “அம்மா, வள்ளியூர் பஸ் எங்கே நிக்கும்?”

அம்மையப்பனின் கையில் இருந்த பாக்குவெட்டி பாதியில் நின்றது.

“கூடங்குளம் பக்கம் ஒரு கடையில நாளைக்கு மெஷின் பார்க்கணும். வள்ளியூர்ல இறங்கி மாறணுமாமே” என்றான் அவன்.

சண்முகசுந்தரி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதுவாகவும் இருக்கலாம்.

“மெயின் ரோட்டுல நில்லுங்க. நாகர்கோவில் பஸ் வரும், அதுல ஏறுங்க” என்றாள்.

“வள்ளியூர்ல எங்கே நல்லா சாப்பிடலாம்?”

“எனக்குத் தெரியாது தம்பி. நான் அங்கன சாப்பிட்டதில்ல. நீங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்.

“சுந்தரி” என்று அம்மையப்பன் மெல்லச் சொன்னார், “டார்லின், மெஷின்னு என்னென்னமோ சொன்னான். கடைசியில வள்ளியூருக்குல்லா போறான்!”

“போகட்டுமே. யாராவது கேட்டா, பாத்ததச் சொல்லட்டும்.”

அவள் கதவைச் சாத்தினாள். அந்த அதிர்வில் சுவரில் பலகை ஒருமுறை ஆடி, நின்றது.