முன் சக்கரம் இரண்டும் மாப்பிள்ளை

ஐம்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். மூன்று நாள் மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. குருபரப்பள்ளியில் ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் ஒரு பழைய ஜீப் நின்றது. அதை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய ஆள் நான். அதுவரைக்கும் நான் ஓட்டியிருந்த ஒரே வாகனம் வாடகை சைக்கிள்.

எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கு மேலே, மலையில் இருக்கிறது. அங்கிருந்து ஒன்பது மைல். கடைசி மூன்று மைல் பாறையும் செம்மண்ணும்தான். மழை பெய்தால் மாட்டுவண்டி ஏறாது, இறங்காது. பறித்த அவரைக்காய் கூடையிலேயே கறுத்துப் போகும். அந்த வருஷமும் போயிற்று. யுத்தத்தில் மலை மலையாக ஏறிய வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று கேட்டதும் எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ரோடு போடும் கான்ட்ராக்டர் ஒருவருடையது. வேலை முடிந்து பெங்களூர் திரும்பியவர், ஜீப்பையும் டிரைவரையும் மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அப்பாவிடம் விற்க இருந்தது இரண்டு ஜோடி உழவு மாடுகள். மறுநாள் சந்தைக்கு நாலையும் ஓட்டி வருவதாக ஒரு ஆளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி மோசம் போனால் மாடும் இல்லை, வண்டியும் இல்லை, அடுத்த உழவும் இல்லை. இத்தனையும் என் ஒரு சொல்லில் தொங்கியது. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"என் மவன் இங்கிலீசு படிச்சவன். அவன் பார்த்து சரின்னா சரி" என்றார் அப்பா, டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

ஒரு மாடு வாங்குவதென்றால் அப்பா பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்குவார், ஈர நிலத்தில் நடக்கவிட்டுப் பின்னாலேயே நடப்பார். அன்றைக்கு அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜீப்பைத் தொடாமல் ஒதுங்கி நின்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஒரு தகட்டில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எந்த லீவரைத் தள்ளினால் முன் சக்கரம் சேரும், எதை இழுத்தால் பிரியும் என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். அதைச் சத்தமாகப் படித்தேன். தமிழிலும் சொன்னேன். டீக்கடைக் கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. டிரைவர் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். "சரியா சொல்றீங்க, சார்" என்றார். என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் இல்லை.

"எங்க ஊர் ஏத்தத்துல ஏத்திக் காட்டுங்க. ஏறினா முடிச்சுக்கலாம்" என்றேன், பத்து ஜீப் வாங்கியவன் மாதிரி.

போனோம் பாருங்கள்! தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது, முகத்தில் காற்று அறைகிறது, ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். பின்னால் உட்கார்ந்த அப்பா, கீழே கிடந்த ஒரு சாக்கு மூட்டையில் காலை ஊன்றிக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் "ஓ ஓ" என்று மாட்டை அதட்டுவது போல் ஜீப்பை அதட்டினார்.

ஏற்றம் வந்தது. எழுதியிருந்தபடி முன் சக்கர லீவரைத் தள்ளச் சொன்னேன். டிரைவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளினார். பாதி ஏற்றம் ஏறிய ஜீப் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, செம்மண் பின்னால் வாரி அடிக்கிறது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. என் கண் அந்தத் தகட்டை விட்டுப் போகவில்லை. லீவர் சரியான இடத்தில்தான் இருந்தது.

அந்த நேரம் கீழே கடைக்குப் போய்த் திரும்பி, தலையில் உப்புக் கூடையோடு ஏறி வந்த ஒரு அம்மாள் மேட்டில் ஒதுங்கி நின்றாள். மலையில் வேறு ஊர்க்காரி. முன்பின் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏந்தம்பி, முன்னாடி ரெண்டும் மாப்ள மாதிரி குந்திகினு இருக்குது. பின்னாடி ரெண்டுதான் பாடுபடுது!"

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் நாலும் இழுக்கும்மா. லீவர் போட்டாச்சு. இதுல எழுதியிருக்குது பாரு" என்றேன்.

"எழுதினது இருக்கட்டும் சாமி. சக்கரம் சுத்தலியே?"

எட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. முன் சக்கரம் சும்மா நின்றது.

'மண் வழுக்குதுப்பா, காஞ்சா ஏறிடும்' என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருப்பார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். இருந்த ஒரே வெள்ளை வேட்டியோடு சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். பின் சக்கரத்துக்கு எஞ்சின் பக்கமிருந்து தடித்த இரும்புத்தண்டு ஒன்று போயிற்று. முன் பக்கம் அந்தத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு முனையிலும் துணி சுற்றி வைத்திருந்தது.

"டிரைவர், இது என்ன?"

அவரும் குனிந்தார். "பெட்ரோல் மிச்சமாவும்னு முதலாளி கழட்ட சொன்னார், சார். கேட்டா சொல்லுன்னார். நீங்க கேக்கவே இல்ல. போர்டெல்லாம் கடகடன்னு படிக்கிறீங்க. தெரிஞ்சவர், தெரிஞ்சே வாங்குறார்னு நெனச்சேன்."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். "அப்பா, எனக்கு இந்த வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. படிச்சதைத்தான் சொன்னேன்" என்றேன். அதைச் சொல்வது அந்த ஏற்றத்தை விடச் செங்குத்தாக இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தார். "கழட்டினது எங்க?"

"நீங்க கால் வச்சுகினு வந்தீங்களே, அந்த சாக்கு."

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டார். "அட, காலடியிலேயா! மாட்டறதுன்னா மாட்டு, இன்னிக்கு இங்கியே பார்த்துடறோம்" என்று தலைத்துண்டை இடுப்பில் கட்டினார்.

டிரைவர் ஸ்பானரோடு படுத்தார். நான் தண்டைத் தாங்கிப் பிடித்தேன். அப்பா இப்போது கையைப் பின்னால் கட்டவில்லை. குனிந்து, தட்டி, ஒவ்வொரு சக்கரமாக அசைத்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டை ஒன்றில் விரிசலைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் கிளம்பவே இல்லை. "ஏறுதான்னு பார்த்துட்டுத்தான் போவேன்" என்று பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஏறியது! ஒரு உதறல். அப்புறம் முன் சக்கரம் இரண்டும் மண்ணைக் கடித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த மாடு போல வண்டியை மேலே தூக்கிற்று. உப்புக் கூடையோடு அந்த அம்மாளும் பின்னால் ஏறியிருந்தாள். "ஐயோ, எறக்கி வுடுங்க!" என்று கத்தியவள், உச்சியில் நிறுத்தியதும், "அதுக்குள்ள வந்துட்டமா?" என்றாள். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. முகமெல்லாம் சேறு.

"இப்ப சொல்லு. வாங்கலாமா?" என்றார் அப்பா.

மறுபடியும் என்னைத்தான் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாங்கலாம்பா. ஆனா ஸ்பிரிங் பட்டையை மாத்தி எறக்கத்துலயும் ஒருவாட்டி பார்த்த பிறகு. அப்புறம், நாலு மாட்டையும் குடுக்க வேணாம். ஒரு ஜோடி நிக்கட்டும். மீதிக்குத் தவணை கேக்கலாம்."

அப்படியே நடந்தது. கான்ட்ராக்டர் தவணைக்கு ஒப்புக்கொண்டார். அடுத்த மழையில் எங்கள் ஊர் அவரைக்காய் பச்சையாகச் சந்தைக்கு இறங்கியது. ஒரு பிரசவமும் மூன்று காய்ச்சலும் அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு இறங்கி, நல்லபடியாகத் திரும்பி வந்தன.

அந்த அம்மாளின் பேரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சவர் நீங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றால், "சக்கரம் சுத்தலியே?" என்ற அவள் குரல்தான் முதலில் கேட்கிறது. காகிதத்தைப் படித்து முடித்த கையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் போய்க் குனிந்து பார்க்கிறேன்.