அப்பாவின் உள்ளங்கையும் புது ஸ்பீக்கரும்

லாரி ஓட்டியே காது போன அப்பா, ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துத்தான் பாட்டுக் கேட்பார். கியர் ராடைத் தொட்டே வண்டியின் நோவைச் சொன்னவருக்கு அது போதும். மெல்லிய பிளைவுட்டில் அடித்த அந்தப் பெட்டி, பேஸ் வந்தால் மோகனூர் கரும்பு லாரியாக உதறும். அதிராத பெட்டியே உயர்ந்தது என்று எங்கோ படித்துவிட்டு, ரசனை முற்றிய நான் பழசை விற்றுக் கனத்த தேக்குப் பெட்டியில் புதுசு வாங்கினேன். பேஸ் என் அடிவயிற்றில் இறங்கியது. பெட்டி துளியும் அசையவில்லை. அப்பா கைவைத்தார்.

"எப்படீங்கப்பா இருக்குது?" என்று கையை ஆட்டிக் கேட்டேன்.

"பழசுக்கு இது எவ்வளவோ தேவலை சாமி."

பாட்டு முடிந்து கேசட் நின்ற பிறகும், அவர் கையை எடுக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.