என் அளவில் தைத்த ரவிக்கை

போன வாரம் மனைவியோடு ரத வீதி ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். லீவு முடிந்து பள்ளி திறக்கப் போகிறது; புதுச்சேலை வேண்டும். கடைக்காரர் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டினார். மீசையும் முந்தானையுமாக அவர் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. அவளுக்கோ கவலை. பச்சை வயதைக் கூட்டிக் காட்டுகிறதாம். பெரிய கட்டம் உடம்பைப் பருமனாக்குமாம். பூப்போட்டது கட்டிப் போனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பயப்படாதாம். கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதும்போது வழுக்காத துணியாகவும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டாள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்றேன்.

“ஒங்ககிட்டப் போயிக் கேட்டேன் பாருங்க. பொம்பளைத் துணியப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?”

புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறி என்னை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எங்கள் தெருவில் மகனுக்குப் பெண் பார்க்கிற வயதில் ஒருத்தி போட்ட முதல் ரவிக்கை, என் உடம்பில் அளவெடுத்துத் தைத்ததுதான்.

அப்போது நான் பதினோராம் வகுப்பு முடித்துவிட்டுப் பருத்திக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அதனால் எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். அப்பா மட்டும் நம்பவில்லை. அவர் குருவிகுளம் பக்கமிருந்து பருத்திப் பொதி ஏற்றி வரும் வண்டிக்காரர். கரிசல் சேற்றில் வண்டி சாய்ந்து கால் முறிந்து அந்த வருஷம் முழுக்கக் கட்டிலோடு கிடந்தார். கால் கிடந்ததே தவிர வாய் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய நர்ஸம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கச் சொன்னார். அம்மா இரண்டு வாளியைத் தூக்கினாள். அவருக்குத் திருப்தி.

“திங்கக்கிழமை வந்துரு. ஆனா ஜாக்கெட் போட்டுத்தான் வரணும். டாக்டர் வந்து போற எடம். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்றார்.

அம்மா அதுவரை ரவிக்கை போட்டதில்லை. எங்கள் தெருவில் அவள் வயதுக்காரிகள் யாருமே போட்டதில்லை. சேலையை மாரோடு சேர்த்து இழுத்துச் செருகினால் களையெடுக்கலாம், தண்ணீர் சுமக்கலாம், கல்யாண வீட்டுக்கும் போகலாம். புதிதாக வாழ வந்த சின்னப் பெண்கள் சிலர்தான் ரவிக்கை போட்டார்கள். வளர்ந்த மகனை வைத்துக்கொண்டு ஒருத்தி போட்டால் தெரு என்ன பேசும் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சில் அவளுக்கும் பங்கு உண்டு.

“வேலை நெலைக்கிறது வரைக்கும் தெருவுல ஒரு குஞ்சுக்குத் தெரியக் கூடாது மக்கா” என்றாள்.

நான் இருக்கும்போது என்ன கவலை என்றேன். சுகாதாரப் பாடம் எனக்கு நினைவிருந்தது. வெள்ளைதான் சுத்தம். நர்ஸம்மாவும் வெள்ளைதான் உடுத்தியிருந்தார். வெள்ளைத் துணி வாங்கி வந்து பெருமையாகப் பிரித்தேன். அம்மா அதைத் தொடவில்லை. கட்டிலிலிருந்து அப்பா பேசினார்.

“ஏலே, எனக்குக் கால்தானல ஒடைஞ்சிருக்கு. அதுக்குள்ள ஒங்கம்மைக்கு வெள்ளை எடுத்துட்டு வந்துட்டியே. காரியம் என்னைக்குலே?”

எங்களில் புருஷனை இழந்தவள்தான் வெள்ளை உடுத்துவாள் என்பதைச் சுகாதாரப் பாடத்தில் போடவில்லை.

மாற்றிக்கொண்டு வரக் கிளம்பினேன். வயதுக்குத் தகுந்த மாதிரி சாம்பல் நிறம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“அதுக்கு எதுக்கு துட்டு? அடுப்புல கெடக்கத அள்ளிப் பூசிக்கிடுதேன்” என்றாள் அம்மா.

அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “அரக்கு எடு. அவ நெறத்துக்கு அதுதான் எடுப்பா இருக்கும்.”

அப்பா அம்மாவின் நிறத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. “மருமக வாற வயசுல அரக்கு கேக்குதாக்கும்” என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அடுப்பிடமே சொன்னாள்: “பிரசவம் பாக்குத எடம். ரத்தம் பட்டாலும் அரக்குல தெரியாது.”

ஆக, அழகுக்காக எடுத்ததில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தையல். மைதீன் பாய் கடையநல்லூர்க்காரர். பெண்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் அதைப் பார்த்துத் தைத்துத் தருவார். அம்மாவிடம் ஏது பழைய ரவிக்கை? தெருவில் இரவல் கேட்டால் குட்டு உடைந்துவிடும். நானே அளக்கலாம் என்று ஒரு கயிற்றை எடுத்தேன். அம்மா தட்டிவிட்டாள்.

“உசுரோட இருக்கவளக் கயிறு போட்டு அளப்பாகளாலே? குழி வெட்டுததுக்குத்தான் அளப்பாக.”

“வெள்ளையும் எடுத்தாச்சு, கயிறும் எடுத்தாச்சு. நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பி வைக்கத்தான் இவன் படிச்சிருக்கான்” என்றார் அப்பா.

கடைசியில் துணியோடு மட்டும் பாய் முன்னால் போய் நின்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அம்மா என்ன ஒசரம் தம்பி?”

“என் ஒசரந்தான் பாய்.”

“அப்பம் சட்டையக் கழத்திட்டு நீயே நில்லு. உள்ளுக்குள்ள துணி கூட விட்டுத் தைக்கேன். வேணுங்கிற மட்டுக்கும் பிரிச்சுக்கிடட்டும்.”

நின்றேன். டேப்பு என் மார்பைச் சுற்றியபோது பருத்திக் கடை ஆட்கள் இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள்.

“என்ன மாப்ளே, கல்யாணச் சட்டையா?”

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். பாய் அந்த நேரம் பார்த்து அரக்குத் துணியை உதறி விரித்தார். அவர்கள் துணியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “பொண்ணு குடுத்து வச்சவதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரவிக்கை வந்தது. அம்மாவின் முழங்கையைத் தாண்டிக் கை ஏறவில்லை. என் கை பேனா பிடித்த கை. அவளுடையது கிணற்றில் இறைத்துக் காட்டில் கொத்திய கை. “ஒன் கைய வச்சா அளந்தாரு? இதுக்குள்ள என் வெரலுதான்லே நொழையும்” என்றாள். பாய் விட்டிருந்த துணியையெல்லாம் பிரித்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஒருவழியாக அதை உடம்பில் ஏற்றினாள். கையை மேலே தூக்கிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து இறக்கிப் பார்த்தாள். அப்பாவைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

“ம்” என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலையில், அந்த வெயிலில், முந்தானையைக் கம்பளிபோல் இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா மறித்தார். “ஜாக்கெட் எங்க? போட்டுட்டு வரச் சொன்னேன்லா?” அம்மா திரும்பி ஒருமுறை தெருவைப் பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினாள்.

நர்ஸம்மா முகம் மாறிற்று. “கலரு ஒனக்கு நல்லாருக்கே. யாரு எடுத்தா?”

“எங்க வீட்டுக்காரக” என்றாள் அம்மா. மூன்று நாள் நாயாய் அலைந்தவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வேலை நிலைத்தது. தெரு பேச வேண்டியதைப் பேசி முடித்தது. பிறகு அவள் வயதுக்காரிகள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே வந்து, அம்மாவின் ரவிக்கையை அளவுக்கு இரவல் கேட்டார்கள். பாயும் சலிக்காமல் தைத்துக் கொடுத்தார். கை இறுக்கமாக இருப்பதாக எல்லாரும் குறைப்பட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வெறுந்தோளோடு நடக்கும் பெண்களைத் திருவேங்கடம் பக்கத்துக் காடுகளில்கூடக் காண்பது அபூர்வம். அம்மா இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்; வீட்டிலும் மருமகள் முன்னால் ரவிக்கையில்லாமல் இருக்கக் கூச்சம் என்கிறாள். அவளுடைய வலது தோளுக்குக் கீழே ஒரு மயில் உண்டு. சிறுமியாக இருந்தபோது பச்சை குத்தியது. பாதியில் வலி தாங்காமல் எழுந்து ஓடிவிட்டதால் அந்த மயிலுக்குத் தோகை இல்லை. சின்ன வயதில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான்தான் விரலால் அதற்குத் தோகை போட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவோடு ஒரே அடுப்பில் சமைக்கிற என் மனைவிக்கு, அப்படியொரு மயில் இருப்பதே தெரியாது.