இரண்டாவது பெயர்

மகளின் பள்ளியிலிருந்து செய்தி வந்தது: "தெரியாதவர்களோடு போகக் கூடாதென்று குழந்தைக்குச் சொல்லுங்கள். அழைத்துப்போக வரும் இருவரின் பெயர்களை அனுப்புங்கள்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அம்மாவும் இதையேதான் சொன்னாள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அப்பா, டிரங்குப் பெட்டியோடு நேரே பள்ளிக்கு வந்து கையை நீட்டினார். சட்டையில் ரயில் வாடை.

"இவிய யாருன்னு தெரியாது டீச்சர்" என்று அழுதேன்.

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து அம்மா வரும்வரை, கேட்டுக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் வளத்திருக்க. தெரியாத ஆளோட வரமாட்டேங்கா" என்று அம்மாவிடம் சிரித்தார். சிரிப்பென்றுதான் அன்று நினைத்தேன்.

முதலில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதாக என் அப்பா பெயரை எழுதினேன். அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. அழித்துவிட்டு, ஒரே பெயரோடு அனுப்பினேன்.