மஸ்கட்டில் பிறந்த மகம்

ராஜகீழ்ப்பாக்கம் சுந்தரவல்லி மாமிக்கு ஒருவரைப் பாராட்டுவது என்றால் சொத்தை எழுதிக்கொடுக்கிற மாதிரி. காபி தேவாமிர்தமாக இருந்தாலும் "குடிக்கலாம்" என்பாள். அப்பேர்ப்பட்டவள், கம்ப்யூட்டர் கடை பியூலாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கைகூப்புவாள்.

மாமியின் பெண் மிருதுளா மஸ்கட்டில் பிறந்தவள், மக நட்சத்திரம். அஸ்தினாபுரத்துப் பையன் நிகிலோடு நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்தாயிற்று. திடீரென்று பையனின் அம்மா போன் செய்தாள்.

"ஆப்ல ஆயில்யம்னு போட்டிருக்கே! மாமியாருக்கு ஆகாதுன்னுதானே மகம்னு மாத்திச் சொன்னேள்? இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

மாமிக்குத் தலை சுற்றியது. மகம் ஜகத்தை ஆளும் என்று கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த பெண்ணாயிற்றே! இரண்டு வீட்டாரும் பதிந்திருந்த திருமண மையத்தின் பழைய ஜாதகங்களைப் புது ஆப்புக்கு மாற்றிக் கொடுத்தவள் பியூலா. மாமி நேரே அவள் கடைக்குச் சண்டைக்குப் போனாள்.

பியூலா பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதான் மாமி. பொறந்த நேரத்தக் கொண்டாந்தேன், அது எந்த ஊரு நேரம்னு சொல்ற கட்டத்த வுட்டுட்டேன். மஸ்கட் நேரத்த நம்மூரு நேரம்னு ஆப் எடுத்துக்கிச்சு. ஒன்றரை மணி முன்னாடியே பொறந்தாப்ல ஆயி, நட்சத்திரமே மாறிப்போச்சு."

திருத்திக் காட்டினால் அந்த அம்மாள் நம்புவாளா? கல்யாணத்துக்காக ஜாதகத்தைத் திருத்துவது ஊரில் நடக்காததா என்ன! பியூலா கடை ஷட்டரை இழுத்துவிட்டு, மாமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அஸ்தினாபுரம் போனாள். எதிர்பார்த்தபடியே பையனின் அம்மா மசியவில்லை.

"உங்க பையனும் வெளிநாட்டுலதான பொறந்தாரு? அவரு ஜாதகத்தையும் ஆப்ல பாருங்க மாமி," என்றாள் பியூலா.

"தோஹா. மூலம். ஆண்மூலம் அரசாளும்!" என்று பெருமையாகப் போனைத் தட்டியவள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கேட்டை என்றது ஆப்.

"அடிப்பாவி! என் பிள்ளைக்கே நட்சத்திரத்தை மாத்திட்டியா?" என்று கத்தியவளுக்கு அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. சுந்தரவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கோ," என்றாள்.

வெளிநாட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் பியூலா நேரத்தைத் திருத்தினாள். மையத்திலும் தானே போய்ச் சொன்னாள். அடுத்த வேலையை அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"சத்தமில்லாம திருத்திட்டு இருந்திருக்கலாமேடீ?" என்று மாமி கேட்டாள்.

"உங்கள பொய்க்காரின்னாங்களே மாமி. கேட்டுக்கினு எப்டி சும்மா இருக்கறது?"

மாமி கைகூப்பினாள். சண்டைக்குப் போன தனக்காக இவள் பிழைப்பையே விட்டிருக்கிறாளே!

கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே, மாமா, சித்தப்பாக்களுக்கெல்லாம் முன்னால் பியூலா பெயர் இருந்தது. இது யார், நமக்கு என்ன உறவு என்று ஓரகத்தி மூக்கை நுழைத்தாள்.

"என் மானத்தைக் காப்பாத்தினவ," என்றாள் மாமி. "உன்னைவிடக் கிட்டத்து உறவு."